தூக்கிப் போடாதீர்கள், அது நல்ல மெஷின்: கம்ப்யூட்டர் கேள்வி–பதில்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, கேம் விளையாடும் கம்ப்யூட்டரை, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாற்றலாமா என்று கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். திருச்சியில் இருபது வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் மேஜைக்கு வந்த மெஷின்களில் பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கும்போது, 2017இல், அப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். ஐ5 7400, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060. விட்சர் 3, ஜிடிஏ 5, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, இவ்வளவுதான் விளையாடுவேன். விண்டோஸ் 11 ஏறவில்லை. கடையில் கேட்டால் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை. லினக்ஸ் போட்டால் இந்த கேம்கள் ஓடுமா அண்ணா?
— தனியார் நிறுவன ஊழியர், திண்டுக்கல்

பதில்: ஓடும் தம்பி. மெஷினை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. உங்களுடையது ஏழாம் தலைமுறை. அது மைக்ரோசாஃப்ட் கிழித்த கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதால் உங்கள் பிராசஸர் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. நேற்று வரை விட்சர் ஓட்டிய அதே சிப்தான்.

விண்டோஸுக்காக எழுதிய கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கேம் படம் வரைய வேண்டும் என்றால் டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் மொழியில்தான் கேட்கும். லினக்ஸுக்கு அது புரியாது. நடுவில் ஒரு துபாஷி உட்கார்ந்து, கேட்டதை வல்கன் என்ற மொழிக்கு மாற்றி கிராஃபிக்ஸ் கார்டிடம் சொல்கிறது. இந்தத் துபாஷி வேலையை 1993இலேயே வைன் என்ற திட்டம் தொடங்கியது. இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனோடு டைரக்ட்எக்ஸை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே போன்றவற்றைச் சேர்த்து, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டது. நீங்கள் பிளே பட்டனை அழுத்தினால் போதும். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸில்தான் இயங்குகிறது. அதற்குப் பிறகு கேம் கம்பெனிகளே தங்கள் கேம் புரோட்டானில் ஓடுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது அப்படித்தான்.

இனி உங்கள் மூன்று கேம்கள். விட்சர் 3 திறக்கும்போது டைரக்ட்எக்ஸ் 11, 12 என்று இரண்டு வழி காட்டும், 11ஐயே எடுங்கள். என்விடியா கார்டில் 12ஐ மொழிபெயர்க்கும்போது வேகம் குறைகிறது, 1060 மாதிரி கார்டில் அது நன்றாகவே தெரியும். ஜிடிஏ 5 கதை ஓடும், ஆனால் ஆன்லைன் ஓடாது. 2024 செப்டம்பரில் அதில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பைச் சேர்த்தபோது லினக்ஸ்காரர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். நண்பர்களோடு ஆன்லைனில்தான் ஆடுவேன் என்றால் இப்போதே யோசித்துவிடுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் பற்றிக் கவலை வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை, கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பற்றியது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கு என்விடியாவின் 580 வரிசைதான் கடைசி. 590இலிருந்து ஆதரவு இல்லை. அதனால் எப்போதும் புத்தம்புதிதையே இழுத்துப் போடும் ஆர்ச் மாதிரி லினக்ஸ் வகை உங்களுக்கு ஒத்துவராது. லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போட்டு, அதிலுள்ள டிரைவர் மேனேஜரில் 580ஐத் தேர்ந்தெடுங்கள். பயாஸ் என்ற மதர்போர்டு அமைப்பில், சரிபார்த்த மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று சில விநாடிகள்தான் நிற்கும். அதில் எம்ஓகே என்று இருக்கும். பயந்து எதையாவது அழுத்தி வெளியே வந்துவிட்டால் டிரைவர் வேலை செய்யாது, திரை மங்கலாக, பெரிய எழுத்தோடு நிற்கும். 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, வைத்த பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுங்கள். லினக்ஸ் சரியில்லை என்று என்னிடம் திரும்பி வந்த மெஷின்களில் நிறைய இந்த ஒரு திரையில் சறுக்கியவைதான்.

அப்புறம், முதல் முறை கேமைத் திறக்கும்போது வல்கன் ஷேடர் (படம் வரையும் குட்டி நிரல்கள்) தயாராகிறது என்று ஒரு பட்டை மெல்ல நகரும். சில கேமுக்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம். பக்கத்தில் ஸ்கிப் பட்டன் இருக்கும். அதைத் தொடாதீர்கள். தொட்டால் கேம் திறக்கும், ஆனால் குதிரையில் நாலு அடி போனால் நிற்கும், மறுபடி நாலு அடி போனால் நிற்கும். பட்டை முடியட்டும், அதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி நண்பர்களோடு தினமும் ஒரு மணி நேரம் வலோரன்ட் விளையாட விடுகிறேன். லினக்ஸ் போட்டால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்று எங்கேயோ பார்த்துவிட்டு அடம் பிடிக்கிறான். போட்டுத் தரலாமா சார்?
— ஒரு தாய், காரைக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. லினக்ஸ் போட்ட அன்றே வலோரன்ட் போய்விடும். இதில் சுற்றுவழி எதுவும் இல்லை.

வலோரன்டோடு வேன்கார்ட் என்ற காவல் நிரல் ஒன்று வருகிறது. கேம் திறக்கும்போது அல்ல, விண்டோஸ் எழுந்திருக்கும்போதே அதுவும் எழுந்து, கெர்னல் என்கிற அடித்தளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. யாராவது சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் திருட்டு நிரல் போட்டிருக்கிறார்களா என்று அங்கிருந்து கண்காணிக்கிறது. விண்டோஸின் அடித்தளத்துக்காக எழுதிய அது லினக்ஸில் உட்கார இடமே இல்லை. நான் மேலே சொன்ன துபாஷியாலும் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. வலோரன்டை உருவாக்கிய ரயட் நிறுவனத்தின் இன்னொரு கேமான லீக் ஆஃப் லெஜன்ட்ஸ் பல வருடம் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024இல் வேன்கார்ட் அதிலும் வந்ததோடு நின்றது.

எல்லாக் காவல் நிரலும் இப்படி இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021இலிருந்தே புரோட்டானோடு ஒத்துப்போகத் தயார். ஆனால் அனுமதி கொடுக்க வேண்டியது அந்தந்த கேம் கம்பெனி. அவர்கள் கொடுக்காவிட்டால் கதை முடிந்தது. ஃபோர்ட்நைட் கொடுக்கவே இல்லை. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் கொடுத்திருந்ததை 2024 கடைசியில் பறித்துக்கொண்டது. லினக்ஸ் வழியாக ஏமாற்றுகிறார்கள் என்றது அந்த நிறுவனம். ஒழுங்காக விளையாடிய எத்தனையோ பேர் தாங்கள் பணம் கட்டிச் சேர்த்த பொருள்களை ஒரே நாளில் லினக்ஸில் பயன்படுத்த முடியாமல் நின்றார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸை வைத்து வலோரன்ட் ஓட்டலாம் என்று சில வீடியோக்கள் சொல்லும். பையன் அதைப் பார்த்திருப்பான். அப்படிச் செய்தால் கணக்கே முடக்கப்படலாம், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பையனுக்கு அந்த ஒரு மணி நேரம் என்பது கேம் மட்டும் இல்லை, நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான். அதைக் கெடுக்க வேண்டாம். வேகம்தான் குறை என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிரைவ் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். கும்பலே கவுன்டர் ஸ்ட்ரைக் 2க்கோ டோட்டா 2க்கோ மாறுகிற நாள் வந்தால் எழுதுங்கள். அவை இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது.

கேள்வி: விண்டோஸ், மின்ட் இரண்டும் வைத்திருக்கிறேன். கேம்கள் எல்லாம் டி டிரைவில், 300 ஜிபிக்கு மேல். லினக்ஸ் ஸ்டீமில் அந்த ஃபோல்டர் தெரிகிறது, ஆனால் பிளே அழுத்தினால் பச்சை பட்டன் ஒரு நொடி நீலமாகி மறுபடி பச்சையாகிவிடுகிறது. என் நெட்டில் மறுபடி டவுன்லோட் செய்ய ஒரு வாரம் ஆகும்.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: டி டிரைவ் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையில் இருக்கிறது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸை உருவாக்கி அதே டிரைவில் வைக்கும். அதிலுள்ள சில பெயர்களில் முக்காற்புள்ளி வரும், விண்டோஸுக்கு அந்தக் குறி கோப்புப் பெயரில் ஆகாது. அங்கேதான் சிக்கல். இன்னொன்று, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாது, டிரைவைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டுத் தூங்கும். லினக்ஸ் வந்து பார்த்துவிட்டு, படிக்க மட்டும் திறந்துகொள்ளும், எழுதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் நிறுத்துங்கள்.

டவுன்லோட் வேண்டாம். எஸ்எஸ்டியில் ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் முறையில் ஒரு பகுதி ஒதுக்கி, அதை ஸ்டீமில் புது லைப்ரரியாகச் சேருங்கள். டி டிரைவில் ஸ்டீம்ஆப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் காமன் இருக்கும். அதிலுள்ள கேம் ஃபோல்டரை அப்படியே புது லைப்ரரியின் காமனுக்குள் நகல் எடுங்கள். பிறகு ஸ்டீமில் இன்ஸ்டால் அழுத்தினால், இருக்கிற கோப்புகளைச் சரிபார்த்துவிட்டு, குறைவதை மட்டும் இறக்கும்.

நகல் எடுக்கும் முன்பு ஒன்று செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எந்த கேமுக்கு ஸ்டீம் கிளவுட் (இணையத்தில் பத்திரப்படுத்தும் வசதி) இல்லையோ அதன் சேவ் கோப்பை, அதாவது எதுவரை ஆடினோம் என்ற பதிவை, ஒரு பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். 2019இல் ஒரு கல்லூரிப் பையன் கொண்டுவந்த மெஷினில் கேம் டிரைவை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு சி டிரைவை ஃபார்மட் செய்தேன். சேவ் கோப்புகள் சி டிரைவில் டாக்குமென்ட்ஸில் இருந்தன. இரண்டு வருடம் ஆடியதாம். அவன் என்னைத் திட்டவில்லை, 'பரவாயில்லை அண்ணா' என்று சொல்லிவிட்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா இரண்டையும் திறந்து பார்க்காமல் ஒரு மெஷினையும் தொடுவதில்லை.

லினக்ஸ் பக்கம் அந்த சேவ் கோப்பை எங்கே வைப்பது? ஸ்டீம்ஆப்ஸுக்குள் காம்பாட்டேட்டா என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் வெறும் எண்களாக ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு கேம்: விட்சர் 3 என்றால் 292030. அதைத் திறந்து உள்ளே போனால் பிஎஃப்எக்ஸ், டிரைவ்-சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர், டாக்குமென்ட்ஸ் என்று பழகிய வீடு மாதிரியே வரும். அங்கே போட்டுவிட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

கேள்வி: ஸ்டீமில் விண்டோஸுக்காக வாங்கிய கேமை லினக்ஸுக்கு மறுபடி வாங்க வேண்டுமா? எபிக் என்ற கேம் கடையில் இலவசமாகச் சேர்த்தவை என்ன ஆகும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வாங்க வேண்டாம், ஸ்டீம் கணக்குதான் கணக்கு. எபிக், ஜிஓஜி கேம்களுக்கு ஹீரோயிக் என்ற இலவச லாஞ்சர் போட்டு, அதே கணக்கில் உள்ளே போங்கள்.

கேள்வி: லினக்ஸ் வகைகளில் மின்ட், பஸைட், நோபாரா, கேஷிஓஎஸ் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைத்தான் போடுவது?
— வாசகர், ஈரோடு

பதில்: மேஜையில் வைத்து மற்ற வேலையும் பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் மின்ட். தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது. ஏஎம்டி கார்டு, டிவியில் மாட்டி சோபாவில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கில் ஆடுவது மட்டும்தான் என்றால் பஸைட். அப்டேட் கோளாறு செய்தால் முந்தைய நிலைக்குப் போய்விடலாம், அது பெரிய நிம்மதி. ஏஎம்டி கார்டுக்குத் தனி டிரைவரும் தேட வேண்டாம், லினக்ஸோடே வருகிறது. எதைப் போட்டாலும் ஒரு மாதம் அதிலேயே இருங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மகன் ஸ்டியரிங் வாங்கி வைத்து யூரோ டிரக் சிமுலேட்டர் 2இல் நம்ம ஊர் பஸ் மாட் (கேமில் கூடுதலாகச் சேர்க்கும் கோப்பு) போட்டுக் கொடுத்திருந்தான். இப்போது லினக்ஸ் மாற்றிவிட்டான். பஸ்ஸைக் காணவில்லை, ஸ்டியரிங்கும் கொஞ்சம் திருப்பினாலே முழுசாக ஒடிகிறது. லாஜிடெக் ஜி29. அவன் பெங்களூரில் இருக்கிறான், தொந்தரவு செய்ய மனசில்லை.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, இரண்டும் சின்ன வேலைதான், நீங்களே செய்துவிடலாம். அந்த கேமுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. பஸ் காணாமல் போகவில்லை, மாட் கோப்பு பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. ஃபைல் மேனேஜரில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் வரும். புள்ளியில் தொடங்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் கேமின் பெயர், அதற்குள் மாட். எஸ்சிஎஸ் என்று முடியும் பஸ் கோப்பை அதில் போட்டுவிட்டு, கேமில் மாட் மேனேஜரில் டிக் செய்யுங்கள்.

ஸ்டியரிங்கில் பிஎஸ்3, பிஎஸ்4 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அது பிஎஸ்3 பக்கம் இருக்கட்டும். பிறகு ஓவர்ஸ்டியர் என்ற இலவச நிரலைப் போட்டு, சுழற்சி அளவை 900 டிகிரி வையுங்கள். இடது முழு ஒடிப்பிலிருந்து வலது முழு ஒடிப்புக்கு இரண்டரைச் சுற்று வரும். அப்புறம் வளைவில் உங்கள் கை பழகியபடியே திருப்பலாம்.