கரடி பொம்மை என்ன குற்றம் செய்தது?

ஐந்து வயது மகன் போலீஸ் பொம்மையை வைத்து மற்ற பொம்மைகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் அடைக்கிறான், "போலீஸ் சொன்னால் சரிதான்" என்கிறான், அதை ஒளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒளித்தால் அவன் கண்ணுக்கு நீங்கள்தான் பெரிய போலீஸ்.

என் மகள் செருப்பு அட்டைப்பெட்டியில் கரடியை அடைத்தாள். நான் கரடிக்காகப் பேசினேன்: "நான் என்ன தப்பு செய்தேன்?" யோசித்தாள். "சத்தம் போட்டாய்." "நீயும்தானே போட்டாய்?" சற்று நேரத்தில் ஒட்டகச்சிவிங்கி நீதிபதியாக வந்துவிட்டது. (அதன் தீர்ப்புக்கு இன்றுவரை மேல்முறையீடு கிடையாது.)

போலீஸ் பொம்மை மட்டும் குற்றவாளியல்ல. உங்கள் மகனின் பொம்மைப் பெட்டியில் பிடிப்பவரும் பிடிபடுபவரும் மட்டுமே இருக்கிறார்கள். வக்கீல் இல்லை, சாட்சி இல்லை. அவர்களை நீங்கள் சேர்த்துவிடுங்கள், பழைய பொத்தான்கூடப் போதும்.

கொஞ்சம் வளர்ந்ததும் மோனோபொலி வரும், இடங்களை வாங்கி மற்றவரிடம் வாடகை வசூலிக்கும் பலகை விளையாட்டு. அதன் மூலவடிவத்துக்கு எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-இல் காப்புரிமை பெற்றார். நில உடைமையாளர்கள் வாடகையால் கொழுப்பதைக் காட்டுவதே அவர் நோக்கம். எல்லோரும் செழிக்கும் இன்னொரு விதித்தொகுப்பும் எழுதினார். விற்றுத் தீர்ந்ததோ மற்றவரை ஓட்டாண்டியாக்கும் விதிதான்! விளையாடும்போது ஒரு விதியை அவனையே மாற்றச் சொல்லிப் பாருங்கள்.