தூண்டில் பதில்கள்

ஏற்காடும் குளிர்ந்த மலைதானே? ஊட்டிப் பக்கத்து ட்ரவுட் மீனை ஏற்காடு ஏரியில் விட்டால் பிழைக்காதா?
– அஸ்தம்பட்டி வாசகர்

பிழைக்காது. நமக்கு ஸ்வெட்டர் போடுகிற குளிர் மீனுக்குப் போதாது. ட்ரவுட்டுக்குத் தண்ணீர் 10 முதல் 16 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 20ஐத் தாண்டினால் இரை எடுக்காமல் சுணங்கும். 25ஐ நெருங்கினால் தாங்குவது கடினம். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 25 டிகிரியில் 8தான். மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சு அதிகம் வேண்டும். முட்டையிட ஓடும் தண்ணீரும் கூழாங்கல் படுகையும் வேறு தேவை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். அதைவிட உயரமான நீலகிரியிலேயே 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே ட்ரவுட்டை வளர்க்க முயன்று தோற்றார். 1907ல் அங்கே அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் வந்த பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் நிலைத்தது.

மகனைப் பார்க்க ஸ்காட்லாந்து போகிறேன். காப்பி காயவைக்கும் களத்தில் பூச்சி போலக் கட்டிய முள்ளை, அதாவது ஃப்ளையை, எறியும் ஃப்ளை ராடு வீசிப் பழகுகிறேன். பின்னால் சாட்டை மாதிரி சடீரென்கிறது. பார்த்தால் ஃப்ளையைக் காணோம்.
– நாகலூர் வாசகர்

முதலில் களத்தை விட்டுப் புல்தரைக்கு வாருங்கள். சிமென்ட் தரை லைனின் (ராடில் ஓடும் தடித்த நூல்) மேல்பூச்சை உரித்துவிடும். முள்ளுக்குப் பதில் துளி சிவப்புக் கம்பளி நூல் கட்டிப் பழகுங்கள், காதும் தப்பும்.

நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துப் போகும். இதில் ஃப்ளைக்கு எடையே இல்லை. கனமான லைன்தான் அதைச் சுமந்து போகிறது. அந்த லைன் பின்னால் முழுக்க நீள்வதற்குள் முன்னே இழுத்தால் நுனி சொடுக்கி, ஃப்ளை அறுந்து பறக்கும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

9 அடி, 5ஆம் எண் ராடு, அதே எண் லைன் (எண் லைனின் எடையைக் குறிக்கும்), நுனியில் 0.15 மில்லிமீட்டருக்கு மெலிகிற 9 அடி லீடர், அதாவது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் நரம்பு. 25 அடி லைனுக்கு மேல் இப்போது வேண்டாம். ராடு நுனியைத் தரையருகே தாழ்த்தி, தொய்வை எடுத்துவிட்டு, மெல்லத் தொடங்கி வேகம் கூட்டித் தூக்குங்கள். கடிகாரத்தில் 1 மணி நிலையில் சட்டென நிறுத்துங்கள். திரும்பிப் பாருங்கள், வெட்கமில்லை. லைன் நீண்டதும் முன்னே கொண்டுவந்து 10 மணியில் நிறுத்துங்கள். லைன் கூடக் கூடக் காத்திருப்பும் கூட வேண்டும்.

லீடரில் தானாக விழும் முடிச்சுக்குக் காற்றைத் திட்டுவார்கள். பெரும்பாலும் முன்வீச்சை வெடுக்கென்று தொடங்குவதுதான் காரணம். முடிச்சைக் கண்டால் அந்த நுனியை மாற்றிவிடுங்கள். மீன் இழுத்தால் அந்த இடத்தில்தான் அறும்.

இங்கிலாந்தில் தெளிந்த சிற்றாறு. ட்ரவுட் மேலே வந்து ஃப்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஃப்ளையை மாற்றியும் பயனில்லை.
– ஓமலூர்க்காரர்

பெட்டியில் இருக்கும் ஃப்ளையை எல்லாம் மாற்றாதீர்கள். உங்களுக்கும் மீனுக்கும் நடுவே வேகமான நீரோட்டம் இருந்தால் அது லைனை வளைத்து இழுக்கும். ஃப்ளை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். எந்தப் பூச்சியும் அப்படிப் போகாது. லைன் விழுந்ததும் ராடு நுனியால் அதை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் புரட்டிப் போடுங்கள். மீனுக்குப் பின்னால், கீழ்நீரில் நின்று வீசுங்கள். லீடரின் நுனி நரம்பில் 2 அடி கூட்டுங்கள்.

மகனுக்கு ஞாயிறுதான் லீவு. அன்று சால்மன் பிடிக்கப் போகலாமா?
– அதே நாகலூர் வாசகர்

ஸ்காட்லாந்தில் ஞாயிறன்று சால்மன் பிடிக்கச் சட்டத் தடை உண்டு. ட்ரவுட்டுக்கு அந்தத் தடை இல்லை; ஆற்று உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சால்மன்தான் வேண்டுமென்றால் மகனைச் சனிக்கிழமைக்கு லீவு போடச் சொல்லுங்கள்.