எனக்கு முடியாமல் போனால் மாமியாரை யார் பார்ப்பது?

கேள்வி: படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு மூக்குக் குழாயில் உணவும், இன்சுலினும் நான்தான் கொடுக்கிறேன். திடீரென்று நான் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால்?
- வாசகி, மதுரை

பதில்: கூப்பிட்டால் வரக்கூடிய இருவரிடம் இப்போதே பேசி வையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சாவி. நேரம், மருந்து, அளவை ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். ‘வழக்கம்போல’ என்று எழுதாதீர்கள், புதிதாக வருபவருக்குப் புரியாது.

பெரிய ஆபத்து இன்சுலினில். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை, மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சில் ஏற்றினால், அதே கோட்டுக்கு இரண்டரை மடங்கு உள்ளே போகும். சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே உலை. மருந்தையும் அதற்கான சிரிஞ்சையும் சேர்த்தே காட்டிக்கொடுங்கள்.

ஊட்டும்போதும் பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போகலாம். குழாய் கழன்றால் திரும்பச் செருகக் கூடாது, நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

உங்கள் பர்ஸில் ஒரு சீட்டு: ‘வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கிறார்’, கீழே அந்த இருவரின் எண்கள்.