பேட்டரி மாற்றியதும் லேப்டாப் ஆன் ஆகவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு ஐந்து வயது. பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு முன் ஆன்லைனில் 2,400 ரூபாய்க்குப் புதுசு வாங்கி, உள்ளூர்க் கடையில் 300 ரூபாய் கூலி கொடுத்து மாற்றினேன். கடைக்கு எடுத்துப் போகும்வரை சார்ஜர் போட்டு நன்றாகத்தான் ஓடியது. மாற்றிய பிறகு பவர் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. "மதர்போர்டு போச்சு. ஏற்கெனவே போகிற நிலையில் இருந்திருக்கும். 9,500 ரூபாய் ஆகும்" என்கிறார் கடைக்காரர். பேட்டரி விற்றவரோ "பொருத்தியதில்தான் தப்பு, திரும்ப எடுக்க முடியாது" என்கிறார். மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. யார் சொல்வதை நம்புவது? பணம் கட்டிவிடலாமா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. குறைந்தபட்சம், கீழே சொல்வதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை கட்டாதீர்கள்.

முதலில் மகளின் கவலையைத் தீர்த்துவிடுவோம். கோப்புகள் இருப்பது மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையில்) இல்லை, எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோதான். ஐந்து வருட லேப்டாப் பெரும்பாலானவற்றில் அதைத் தனியாகக் கழற்றி, யூஎஸ்பி பெட்டி ஒன்றில் மாட்டி வேறு கணினியில் திறக்கலாம். ஒரே ஒரு தடை வரலாம். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு (டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி மறைக்கும் வசதி) தானாகவே போடப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மகள் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தாரோ அந்தக் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இன்றே போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாவி இருந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மதர்போர்டை மாற்றினாலும் இந்தச் சாவியைத்தான் கேட்கும். கடையில் யாராவது "ஃபார்மட் அடித்துப் பார்க்கலாம்" என்று சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். விளக்கே எரியாத இயந்திரத்துக்கு ஃபார்மட் எந்த விதத்திலும் மருந்தாகாது.

அடுத்து, லேப்டாப். பேட்டரி மாற்றியவுடன் உயிரில்லாமல் கிடக்கும் லேப்டாப்புகளைப் பல வருடங்களாகப் பழுதுபார்க்கும் மேஜையில் பார்த்துவருகிறேன். அவற்றில் நிறைய, ஒரு ரூபாய் பொருள்கூட மாற்றாமல் எழுந்து உட்கார்ந்தவை. அதனால்தான் திறந்து அளந்து பார்க்காமல் "மதர்போர்டு போச்சு" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சார்ஜரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி, அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். இது பலருக்குத் தெரியாத விஷயம்: புதுப் பேட்டரிகள் பல, தூங்கும் நிலையில்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, சார்ஜர் மின்சாரம் வந்து தொடும்வரை வெளியே எதையும் தராது. பேட்டரியை மட்டும் நம்பி பட்டனை அழுத்தினால் செத்த மாதிரிதான் இருக்கும். தவிர, தனியாக விமானத்தில் அனுப்பும் லித்தியம் அயனி பேட்டரியில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று 2016 முதல் விதி இருக்கிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் இருந்த கொஞ்சமும் வடிந்துபோகும்.

அப்படியும் எழவில்லையா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை முப்பது நாற்பது நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கி நிற்கும் மின்சாரம் வடியவும், பவரைக் கட்டுப்படுத்தும் சிப் புதிதாகத் தொடங்கவும் இது உதவும். பிறகு சார்ஜரைப் போட்டு ஒருமுறை மட்டும் அழுத்திவிட்டுக் காத்திருங்கள். விளக்கோ விசிறிச் சத்தமோ வந்து, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் உடனே அணைத்துவிடாதீர்கள். எல்லா மின் இணைப்பும் அறுந்து திரும்ப வந்த லேப்டாப், தன் ரேமை (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகத்தை) மறுபடி பழக்கிக்கொள்ள ஒன்றிரண்டு நிமிடம்கூட எடுக்கலாம். பொறுமையில்லாமல் அணைத்து அணைத்துப் போட்டால் அந்த வேலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். விளக்கு மினுக்கினால் எண்ணிக்கொள்ளுங்கள், அது லேப்டாப் பேசும் மொழி. உதாரணத்துக்கு, டெல் லேப்டாப் பலவற்றில் ஆரஞ்சு இரண்டு முறை, வெள்ளை மூன்று முறை என்றால் ரேம் தெரியவில்லை என்று பொருள்.

உங்கள் விஷயத்தில் விளக்கே இல்லை என்கிறீர்கள். எனவே மூடியைத் திறந்துதான் ஆக வேண்டியிருக்கும். இதை நீங்களே செய்ய வேண்டாம். ஆனால் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், செய்யச் சொல்வது என்னவென்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

முக்கியமான சோதனை இதுதான். புதுப் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, சார்ஜரில் மட்டும் ஆன் செய்து பார்க்க வேண்டும். பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகள் பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும். ஆன் ஆனால் உங்கள் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. சந்தேகம் புதுப் பேட்டரி மேலோ, அதன் கனெக்டர் மேலோ போகிறது. அடுத்து, பழைய பேட்டரி உப்பாமல் இருந்தால் அதை மாட்டிப் பார்க்க வேண்டும். பழசில் ஓடுகிறது, புதுசில் ஓடவில்லை என்றால் கடைக்காரர் தப்பித்தார், பேட்டரி விற்றவர் மாட்டினார். பேட்டரியே இல்லாமலும் சார்ஜரில் அசையவில்லை என்றால்தான் போர்டுப் பக்கம் போக வேண்டும். அதற்கும் முன்னால் அதே பின், அதே வாட் உள்ள இன்னொரு சார்ஜரைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான சார்ஜர்கள் 19, 19.5 அல்லது 20 வோல்ட் தரும். மல்டிமீட்டர் (வோல்டேஜ் அளக்கும் கருவி) இருந்தால் அதைச் சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை. பழைய பேட்டரியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இன்றே போய்க் கேட்டு வாங்குங்கள். இந்த வழக்கில் உங்கள் பக்கத்துச் சாட்சி அதுதான்.

திறந்ததும் பார்க்க வேண்டியவை சில. பேட்டரி கனெக்டர் பாதிதான் உள்ளே போயிருக்கிறதா, அதன் பின் ஒன்று மடங்கியிருக்கிறதா? மேலாகப் பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும், விரலால் அமுக்கினால் 'டக்' என்று இன்னொரு படி உள்ளே போகும். எத்தனையோ லேப்டாப் அந்த ஒரு 'டக்'கில் உயிர் பெற்றிருக்கின்றன. அப்புறம் பவர் பட்டனிலிருந்து வரும் பட்டையான ரிப்பன் கேபிள். சில மாடல்களில் கீபோர்டுப் பக்கமாகத் திறக்கும்போது அது எளிதில் கழன்றுவிடும். அது கழன்றிருந்தால் நீங்கள் நாள் முழுக்க பட்டனை அழுத்தினாலும் போர்டுக்குச் செய்தியே போகாது. ரேமையும் ஒருமுறை கழற்றி மாட்டச் சொல்லுங்கள்.

ஸ்க்ரூவையும் கவனிக்கச் சொல்வேன். அடிமூடி ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய துளையில் நீளமானதை முறுக்கினால் அது மதர்போர்டையே குத்தி, உள்ளே ஓடும் செம்புக் கோடுகளை அறுத்துவிடும். துளையைச் சுற்றிப் புதிதாகச் சிராய்ப்போ வெள்ளைத் தடமோ இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதுபோலவே, பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றாமல் இரும்பு ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே வேலை பார்த்தால், கை தவறிய ஒரு நொடியில் போர்டில் இருக்கும் கடுகளவு ஃபியூஸ் போய்விடும். திங்க்பேட் லேப்டாப்புகளில் பேட்டரியைத் தொடுவதற்கு முன் பயாஸ் அமைப்பில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) போய் உள் பேட்டரியை முடக்கச் சொல்வதும் இந்த விபத்தைத் தவிர்க்கத்தான். அப்படி முடக்கினால், மறுபடி சார்ஜர் போட்டால்தான் லேப்டாப் விழிக்கும்.

ஃபியூஸ் போனதற்காக முழு போர்டை மாற்றத் தேவையில்லை. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சிப் லெவல் சர்வீஸ் (போர்டை மாற்றாமல் அதிலுள்ள சின்னப் பாகங்களைப் பழுதுபார்ப்பது) செய்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். நல்ல டெக்னீஷியன், சார்ஜர் மின்சாரம் ஜாக்கைத் தாண்டி வருகிறதா, 3 வோல்ட், 5 வோல்ட் லைன்கள் வருகின்றனவா, எங்கே ஷார்ட் என்று அளந்து சொல்வார். முதல் கடைக்காரரிடமும் இதையே கேளுங்கள்: "எந்த லைனில் வோல்டேஜ் வரவில்லை?" பதில் இல்லையென்றால் அவர் அளக்கவே இல்லை. எந்தக் காரணத்தைக் கொண்டும் இப்போது அவர் கையில் போர்டை மாற்ற விடாதீர்கள். மாற்றிவிட்டால் எது எதனால் போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பணம் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருந்த பொருளை ஒருவர் கையில் கொடுத்து, ஓடாமல் திரும்பப் பெற்றால், "ஏற்கெனவே போகிற நிலையில் இருந்தது" என்ற வாய்ச்சொல் போதாது. என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தார் என்று எழுத்தில் கேளுங்கள். 300 ரூபாய்க்குப் பில் வாங்கவில்லை என்றால் இப்போதாவது கேளுங்கள். பில் தர மறுப்பதையே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பேட்டரி விற்றவருக்கும் அதே சட்டம்தான்: குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். உங்களுக்கு இரண்டு வாரம் ஓடிவிட்டது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். சிப் லெவல் கடையில் "இந்தப் பேட்டரி வேலை செய்யவில்லை" என்றோ "பேட்டரி நன்றாக இருக்கிறது, போர்டில் இன்ன இடத்தில் ஷார்ட்" என்றோ இரண்டு வரி எழுதி வாங்கிவிட்டால், இருவரில் யாரிடம் போவது என்பது தெளிவாகிவிடும்.

ஆன்லைன் தளத்தில் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், 48 மணி நேரத்தில் உங்கள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. போனில் பேசாமல் எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பல விஷயங்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: அதே வாசகி இன்னொன்றும் கேட்டிருக்கிறார். லேப்டாப் மாடல் பெயரைப் போட்டுத் தேடித்தான் பேட்டரி வாங்கினேன். அது தவறா?

பதில்: பாதி தவறு. ஒரே மாடல் பெயரில் வந்த லேப்டாப்புகளுக்குள்ளேயே இரண்டு மூன்று வகை பேட்டரி போட்டிருப்பார்கள். இரண்டு செல் பேட்டரியில் ஏறக்குறைய 7.4 முதல் 7.7 வோல்ட் இருக்கும், மூன்று செல்லில் 11.1 முதல் 11.55 வரை. பழைய பேட்டரியின் முதுகில் அச்சடித்த பார்ட் நம்பரும் வோல்டேஜும் புதுசோடு ஒத்துப்போக வேண்டும். 11.4 என்று இருந்த இடத்தில் 11.55 வந்தால் பயமில்லை, 7.6 வந்தால் தவறான பேட்டரி. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். அதன் மேல் ஐஎஸ் 16046 என்ற எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். எண்ணே இல்லாத பேட்டரி என்றால் அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்கள் புகாரோடு சேருங்கள்.

பழைய பேட்டரி உப்பியிருந்தால் சோதனைக்குக்கூட மாட்ட வேண்டாம். அமுக்கவோ குத்தவோ கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கும். கனெக்டர் மேல் செல்லோ டேப் ஒட்டி, வெயில் படாத இடத்தில், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்திருந்து, பழைய பேட்டரி வாங்கும் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். ஆனால் புகார் முடியும்வரை கொடுக்காதீர்கள். உப்பிய நிலையில் ஒரு போட்டோவும், பார்ட் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்துவிட்ட பிறகு என்றால் சரி.