வேதியியல் பிடித்த பெண்ணுக்கு ஜியாலஜி சரிவருமா?

அம்மா, உங்கள் மகள் வேதியியலை விட்டுவிட்டுக் கல் பொறுக்கப் போகிறாள் என்று பயப்படாதீர்கள். சாக் (மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை) அடுக்குகளைப் புவிவேதியியல் மூலம், அதாவது பாறையில் உள்ள தனிமங்களை அளந்து, இனங்காண்பது என்று அவள் சொல்வதில் பாதிக்கு மேல் வேதியியல்தான்.

தெற்கு இங்கிலாந்திலும் வடகடலுக்கு அடியிலும் இந்தப் பாறை கனமாகப் படிந்து கிடக்கிறது. பார்த்தால் எல்லாமே வெள்ளை. இரண்டு இடத்தில் துளை போட்டால், இதில் 200ஆவது மீட்டரில் இருக்கும் அடுக்கு அதில் எந்த ஆழத்தில் வருகிறது என்று சொல்ல வேண்டும். துளையிடும்போது பாறை நொறுங்கித் துகளாக வருவதால் பெரிய புதைபடிவங்கள் கைக்குக் கிடைக்காது. ஆனால் சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் கார்பன் சுழற்சி தடுமாறியபோது, அப்போது படிந்த சாக்கில் கார்பன்-13இன் (கார்பனின் சற்றுக் கனமான வகை) பங்கு சட்டென்று கூடியது. ஆழவாரியாக அளந்து வரையும் கோட்டுப்படத்தில் அந்த ஏற்றம் இரண்டு துளையிலும் மேடாகத் தெரிந்தால் அது ஒரே காலம். களிமண் கலந்த மெல்லிய அடுக்குகளை அலுமினியமும் டைட்டானியமும் காட்டிக்கொடுக்கும்.

எண்களைக் கருவி தந்துவிடும், அதை இயக்க யாரும் பழகிக்கொள்ளலாம். சம்பளம் சந்தேகப்படுவதற்குத்தான். பேரியம் திடீரென்று ஏறினால் அது பாறையிலிருந்து வந்ததா, துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேற்றில் கலக்கும் பேரைட் என்ற பேரியம் தாதுவிலிருந்து வந்ததா? மேலே துளையின் சுவரிலிருந்து உதிர்ந்த சில்லு கீழ் மாதிரியில் கலந்துவிட்டதா? இதற்குப் பாறையைக் கையில் எடுத்துப் பழகிய கண் வேண்டும். அதனால் பெயர் கவர்ச்சியாக இருக்கும் படிப்புகளை விடுங்கள், நல்ல ஜியாலஜி பட்டம் போதும். கூடவே வேதியியல், புள்ளியியல், கொஞ்சம் புரோகிராமிங். அப்புறம் முதுகலை, அது பெரும்பாலும் தேவைப்படும்.

வேலையா? நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் 1969இல் சாக் பாறையில்தான் எண்ணெய் கிடைத்தது, ஆனால் எண்ணெய்த் துறை ஏறும், இறங்கும், அதை நம்பியே இருக்கக் கூடாது. தெற்கு இங்கிலாந்தின் முக்கிய நிலத்தடி நீர் இந்தப் பாறையில்தான் இருக்கிறது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கமும் பெரும்பாலும் தண்ணீர் அதிகம் கசியாத களிமண் கலந்த சாக் அடுக்கு வழியாகவே போகிறது. சாக்கை மட்டும் பார்க்கும் வேலைகள் குறைவுதான், ஒளிப்பானேன். கற்ற வித்தை மற்ற படிவுப் பாறைகளுக்கும் உதவும்.

சேரும் முன், களப்பயிற்சி எத்தனை நாள் என்று கல்லூரியில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.