தூங்கி எழுந்த தராசு சொல்லும் எடையை நம்பலாமா? யூஎஸ்பி டிரைவரில் மின் மேலாண்மை

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் சில பால் சொசைட்டிகளுக்கு யூஎஸ்பி தராசு செய்து கொடுத்திருக்கிறேன். லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். அதன் மையமான கர்னலோடு வரும் மாதிரி டிரைவரைப் பார்த்து, தராசோடு பேசும் டிரைவர் நிரலை நானே எழுதினேன். இன்வெர்ட்டரும் பேட்டரியும் தாக்குப்பிடிக்கவில்லை என்று சும்மா இருக்கும் சாதனத்தை உறங்க வைக்கும் ஆட்டோசஸ்பெண்டை இயக்கினேன். ஒவ்வொரு தடவை எடை படிக்கும்போது மட்டும் சாதனத்தை எழுப்புகிறேன். அதிலிருந்து மூன்று தொல்லை. ஒருவர் ஊற்றிவிட்டுப் போய் அடுத்தவர் வரக் கொஞ்சம் தாமதமானால், அவருடைய முதல் எடை பூஜ்யமாக வருகிறது, இல்லாவிட்டால் ஆடுகிறது. சில சமயம் மென்பொருள் அப்படியே உறைந்துவிடும். நிரலை நிறுத்தும் கில் கட்டளை கொடுத்தாலும் சாகாது. காலைக் கறவை முடிந்து மூடிய லேப்டாப்பைச் சாயங்காலம் திறந்தால் ஒரு நாள் எடையே வருவதில்லை, இன்னொரு நாள் பாத்திரத்தின் எடையும் சேர்ந்து வருகிறது. ரிமோட் வேக்கப் போட்டால் எல்லாம் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன தொல்லையை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்ற இரண்டும் வேலையைக் கெடுக்கின்றன. இது கணக்கையே கெடுக்கிறது.

லேப்டாப்பை மூடினால் நடப்பதும் ஆட்டோசஸ்பெண்டும் வேறு வேறு. ஆட்டோசஸ்பெண்டில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, சும்மா இருக்கும் சாதனம் மட்டும் உறங்குகிறது. கேபிளில் 5 வோல்ட் அப்படியே இருக்கும். மூடியை இறக்கினால் மொத்த இயந்திரமும் உறங்குகிறது. அப்போது யூஎஸ்பி துளைகளுக்குப் போகும் மின்சாரத்தையே வெட்டும் லேப்டாப்கள் நிறைய உண்டு. உங்கள் தராசின் போர்டு யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், அதற்கு அது கரண்ட் போய் வந்த மாதிரிதான். டேர் (பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் அமைப்பு), அலகு, எத்தனை மில்லி விநாடிக்கு ஒரு எடை அனுப்ப வேண்டும் என்ற அமைப்பு எல்லாம் போய்விடும்.

இயந்திரம் எழும்போது கர்னல் இதைக் கவனிக்கிறது. சாதனம் பழைய நிலையிலேயே இருந்தால் உங்கள் டிரைவரின் ரெஸ்யூம் அழைக்கப்படும். மின்சாரம் போயிருந்தால் கர்னல் சாதனத்தை ரீசெட் செய்து, பழைய முகவரியையும் கான்ஃபிகரேஷனையும் மறுபடி கொடுத்து, ரீசெட்-ரெஸ்யூமை அழைக்கும். டிரைவரில் ரீசெட்-ரெஸ்யூம் இல்லாவிட்டால், டிரைவரைச் சாதனத்திலிருந்து பிரித்து மறுபடி புரோபிலிருந்து (சாதனத்தைச் சொருகியதும் முதலில் ஓடும் ஃபங்ஷன்) தொடங்கும். நீங்கள் அனுப்பிய நிரலில் ரெஸ்யூம், ரீசெட்-ரெஸ்யூம் இரண்டும் ஒரே ஃபங்ஷனைக் காட்டுகின்றன. அதில் இருப்பது எடை வாங்கும் யூஆர்பியை (யூஎஸ்பி வழியே தரவு கேட்கும் கோரிக்கை) மறுபடி சமர்ப்பிக்கும் வரி மட்டும். அமைப்பை இழந்த தராசிடம் 'எடை அனுப்பு' என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எதுவும் வருவதில்லை. கேபிளைப் பிடுங்கிச் சொருகினால் புரோப் ஓடித் தொடக்கக் கட்டளைகளை அனுப்புகிறது, வேலை செய்கிறது. ஆனால் டேர் போனது போனதுதான், அதனால் பாத்திரத்தின் எடையும் சேர்ந்து வரலாம். மின்சாரம் வெட்டப்படாத நாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். 'ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல' என்பதன் காரணம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இதைத் திருத்துவது எளிது. புரோபில் அனுப்பும் தொடக்கக் கட்டளைகளைத் தனி ஃபங்ஷனாக எடுத்து, ரீசெட்-ரெஸ்யூமில் முதலில் அதை அழையுங்கள், அப்புறம் யூஆர்பியைச் சமர்ப்பியுங்கள். சஸ்பெண்ட், ரெஸ்யூம் வழிகளில் நினைவகம் கேட்கும் எல்லா இடத்திலும் ஜிஎஃப்பி-கர்னலுக்குப் பதில் ஜிஎஃப்பி-நோஐஓ (வட்டில் எழுதப் போகாதே என்ற குறிப்பு) கொடுங்கள். நினைவகம் போதாமல் கர்னல் பக்கங்களை வட்டில் எழுதப் போய், அந்த வட்டே இன்னும் எழாத யூஎஸ்பி வட்டாக இருந்தால் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும்.

டேர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிரைவர் பழைய டேரை நினைவில் வைத்திருந்து, எழுந்ததும் தானாகவே திருப்பி அனுப்பக் கூடாது. மூடி திறக்கும் நேரத்தில் தட்டில் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. காலி பாத்திரமா, கழுவ எடுத்துப் போய்விட்டார்களா, யாராவது அவசரத்தில் பால் ஊற்றிவிட்டாரா? பாத்திரத்தின் எடை பாலோடு சேர்ந்தால் சொசைட்டிக்கு நஷ்டம். பல தராசுகள் மின்சாரம் வந்ததும் தட்டில் இருப்பதையே பூஜ்யமாகப் பிடித்துக்கொள்ளும். அப்போது பாத்திரத்தில் பால் இருந்தால், ஊற்றியவருக்கு நஷ்டம். இரண்டு மாட்டை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் சீட்டில் வந்த எண்ணை எதிர்த்துக் கேட்க மாட்டார்.

அதனால் ரீசெட்-ரெஸ்யூமில் ஒரு கொடியை நிமிர்த்துங்கள். அது நிமிர்ந்திருக்கும் வரை ரீட் எடையைக் கொடுக்காமல் பிழையைத் திருப்பட்டும். கர்னலின் மாதிரி டிரைவரும் ரீசெட் முடிந்ததும் மைனஸ் ஈபைப் பிழையைக் குறித்து வைக்கிறது, நடுவில் ஏதோ நடந்துவிட்டது என்று மென்பொருளுக்குத் தெரிவிப்பதற்காக. அதைப் பார்த்ததும் உங்கள் திரையில் 'காலி பாத்திரத்தை வைத்து டேர் அழுத்தவும்' என்று வரட்டும். ஆள் அழுத்தி, டேர் கட்டளை வெற்றியான பிறகே கொடி இறங்க வேண்டும்.

சரி, முதல் தொல்லைக்கு வருவோம்.

யூஎஸ்பி பாதையில் (பஸ்) 3 மில்லி விநாடி எந்த அசைவும் இல்லாவிட்டால் யூஎஸ்பி சாதனம் உறக்க நிலைக்குப் போக வேண்டும். உறக்கத்தில் அது 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. யூஎஸ்பி 2.0 விதி இது. இனி உங்கள் தராசின் உள்ளே பாருங்கள். எடையை உணரும் லோட் செல் சாதாரணமாக 350 ஓம். அதற்கு 5 வோல்ட் கொடுத்தால் ஓம் விதிப்படி சுமார் 14 மில்லி ஆம்பியர் ஓடும். உறக்கத்தில் அனுமதித்ததைப் போல ஐந்து மடங்குக்கும் மேல், அதுவும் ஒரு செல்லுக்கே. ஆக, விதியை மதிக்கும் போர்டு உறங்கும்போது லோட் செல்லையும் பெருக்கியையும் அணைத்தே தீர வேண்டும். எழுப்பினால் அவை மறுபடி சூடாகி நிலைக்கச் சற்று நேரம் பிடிக்கும். நீங்கள் எழுப்பிய கையோடு வரும் முதல் எடையை எடுத்துக்கொள்கிறீர்கள். பூஜ்யமும் ஆட்டமும் அங்கிருந்துதான் வருகின்றன.

ரிமோட் வேக்கப் உதவாது என்று சொன்னதும் இதனால்தான். ரிமோட் வேக்கப் என்றால் உறங்கும் சாதனமே ஹோஸ்ட்டை எழுப்புவது. விசைப்பலகைக்கு அது பொருந்தும். ஒரு விசை அழுத்தப்படுவதைக் கவனிக்க மின்சாரமே வேண்டாம் எனலாம். லோட் செல் அணைந்து கிடக்கும் தராசுக்குத் தட்டில் பால் விழுந்தது எப்படித் தெரியும்? எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டி, கான்ஃபிகரேஷன் பகுதியில் ரிமோட் வேக்கப் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அது போர்டிலுள்ள பட்டனுக்காக இருக்கலாம். அந்தச் சொல் இல்லாத சாதனத்துக்கு டிரைவரில் 'ரிமோட் வேக்கப் தேவை' என்று போட்டால், கர்னல் அதை ஆட்டோசஸ்பெண்ட் செய்யவே மறுத்துவிடும். தொல்லை தீர்ந்த மாதிரி தோன்றும். உண்மையில் மின்சேமிப்பையே அணைத்திருப்பீர்கள்.

எடைக்கு எடை நடுவே தராசை உறங்க வைப்பதை விட்டுவிடுங்கள். அந்தச் சில விநாடிகளில் மிச்சமாவது ஒன்றுமில்லை. பேட்டரி தீர்வது காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில். சேமிக்க வேண்டியதும் அங்கேதான். மாதிரி டிரைவரில் இருக்கும் பழைய வழக்கத்துக்கே திரும்புங்கள்: ஓபனில் (கோப்பைத் திறக்கையில்) ஆட்டோபிஎம் கெட், அதாவது சாதனத்தை எழுப்பி விழித்திருக்க வைப்பது; ரிலீஸில் (மூடுகையில்) ஆட்டோபிஎம் புட், அதாவது அதை விடுவிப்பது. தராசின் சாதனக் கோப்பு திறந்திருக்கும் வரை தராசு விழித்திருக்கும். கறவை நேரம் முடிந்ததும் மென்பொருள் கோப்பை மூடட்டும். இயல்பான 2 விநாடிக் காத்திருப்புக்குப் பிறகு தராசு உறங்கும். அந்த யூஎஸ்பி பாதையில் வேறு எந்தச் சாதனமும் விழித்திருக்காவிட்டால் ஹோஸ்ட் கன்ட்ரோலரும் உறங்க வாய்ப்புண்டு. லேப்டாப் பேட்டரிக்கு அதுதான் கூடுதல் லாபம். சாயங்காலம் திறந்ததும் முதல் சில எடைகளைத் தள்ளிவிட்டு, எடை நிலைத்த பிறகே திரையில் காட்டுங்கள்.

இந்த மாற்றத்தோடு இன்னொன்றும் சரியாகும். நீங்கள் அனுப்பிய பதிவில் அங்கங்கே மைனஸ் 113 தெரிகிறது. உறங்கும் சாதனத்துக்கு யூஆர்பி சமர்ப்பித்தால் கர்னல் திருப்பும் பிழை அது. ரீடில் எழுப்பினீர்கள், டேர் அனுப்பும் ஐஆக்டல் ஃபங்ஷனில் எழுப்ப மறந்துவிட்டீர்கள். ஓபனிலேயே கெட் வந்துவிட்டால் இடத்துக்கு இடம் நினைவு வைக்கத் தேவையில்லை.

உறைந்துபோகும் தொல்லைக்கு வருகிறேன். ரீடில் மியூடெக்ஸ் என்ற பூட்டைப் பிடித்த பிறகு ஆட்டோபிஎம் கெட்டை அழைக்கிறீர்கள். சாதனம் உறக்கத்தில் இருந்தால் கெட் அங்கேயே நின்று உங்கள் ரெஸ்யூமை அழைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பும். உங்கள் ரெஸ்யூமின் முதல் வரியே அதே மியூடெக்ஸைப் பிடிப்பது. பூட்டு வைத்திருப்பவர் ரெஸ்யூம் முடியக் காத்திருக்கிறார், ரெஸ்யூம் பூட்டுக்குக் காத்திருக்கிறது. பிஎஸ் கட்டளையில் அந்த நிரல் டி நிலையில், அதாவது குறுக்கிட முடியாத காத்திருப்பில், தெரியும். அதனால்தான் கில்லுக்கு மசியவில்லை. கெட்டை எப்போதும் பூட்டுக்கு வெளியே, முன்னதாக அழையுங்கள். சோதனைக்கு ஒரு கர்னலில் லாக்டெப் வசதியை இயக்கிக்கொண்டால், இப்படிப்பட்ட பூட்டுச் சிக்கலை அது பதிவில் எழுதிக் காட்டும்.

அதே ரீடில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கெட் தோல்வியடைந்தால் பயன்பாட்டு எண்ணிக்கை ஏறியிருக்காது, ஏற்றியதைக் கர்னலே குறைத்துவிடும். உங்கள் பிழை வழியோ நேராகப் புட்டுக்குத் தாவுகிறது. ஏறாததைக் குறைத்தால் கணக்கு தவறும். கெட் தோற்றால் புட் செய்யாமல் திரும்புங்கள். யூஆர்பி முடிந்ததும் வரும் கம்ப்ளீஷன் ஃபங்ஷனில் கெட்டை அழைக்கவே கூடாது. அங்கே தூங்கிக் காத்திருக்க அனுமதி இல்லை. தேவைப்பட்டால் காத்திருக்காமல் திரும்பும் அசிங்க் வகை இருக்கிறது.

சஸ்பெண்டில் ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். ஆட்டோசஸ்பெண்டாக அழைக்கப்பட்டு வேலை நடந்துகொண்டிருந்தால் மைனஸ் ஈபிஸி ('வேலையில் இருக்கிறேன்') என்று மறுக்கலாம். இயந்திரமே உறங்கும்போது அப்படி மறுக்கக் கூடாது. ஓபனில் போட்ட கெட்டும் அப்போது தடுக்காது. கோப்பு திறந்திருந்தாலும் உங்கள் சஸ்பெண்ட் அழைக்கப்படும். அங்கே ஓடும் யூஆர்பியைக் கொன்று, பூஜ்யத்தைத் திருப்புங்கள். கோப்பு திறந்திருந்ததா என்று பார்த்த பிறகே ரெஸ்யூமில் மறுபடி சமர்ப்பியுங்கள்.

சொசைட்டிக்கு எடுத்துப் போகும் முன் வீட்டு மேசையில் சோதியுங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) சாதனத்தின் பவர் அடைவுக்குள் கன்ட்ரோல் கோப்பில் ஆட்டோ என்று எழுதி, ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைப் பாருங்கள். மென்பொருள் மூடியிருக்கும்போது சில விநாடியில் சஸ்பெண்டட் என்று மாற வேண்டும், திறந்தால் ஆக்டிவ். மாறாவிட்டால் எங்கோ ஒரு புட் குறைகிறது. பிறகு ஆர்டிசிவேக் கட்டளை கொண்டு இயந்திரத்தை அரை நிமிடம் உறங்க வைத்து எழுப்புங்கள்.

உங்கள் மேசை லேப்டாப் யூஎஸ்பி மின்சாரத்தை வெட்டாத வகையாக இருந்தால் ரீசெட்-ரெஸ்யூம் ஓடவே ஓடாது. சொசைட்டியில்தான் முதல் முறையாக ஓடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கர்னலின் தொடக்க வரியில் யூஎஸ்பிகோர் குவர்க்ஸ் அமைப்பில் உங்கள் தராசின் வெண்டர் எண், புராடக்ட் எண், அதன் பின் ஆங்கிலச் சிற்றெழுத்து 'b' கொடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு எழுச்சியும் ரீசெட்-ரெஸ்யூமாகவே வரும். தட்டில் பாத்திரத்தை வைத்து டேர் அழுத்தி, உறங்க வைத்து எழுப்புங்கள். பாத்திரம் காலியாக ஒரு முறை, அதில் எடைக்கல் வைத்து ஒரு முறை, பாத்திரமே இல்லாமல் ஒரு முறை. மூன்றிலும் திரை டேர் கேட்க வேண்டும். எண் எதுவும் காட்டக் கூடாது. சோதனை முடிந்ததும் அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள்.

கன்ட்ரோல் கோப்பில் ஆட்டோ என்று எழுதியது மறுதொடக்கத்தில் போய்விடும். உங்கள் வெண்டர், புராடக்ட் எண்ணுக்கு மட்டும் ஒரு யூடெவ் விதி (சாதனம் செருகப்படும்போது தானாக ஓடும் அமைப்பு) எழுதி நிறுவுங்கள். எல்லா யூஎஸ்பி சாதனத்துக்கும் ஆட்டோ போடும் கருவிகளைச் சொசைட்டி லேப்டாப்பில் வேண்டாம். பக்கத்தில் செருகியிருக்கும் பிரின்டரும் கொழுப்பு பார்க்கும் மெஷினும் உறக்கத்தைத் தாங்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே அவற்றை அந்த விதியில் சேர்க்கலாம்.