கதைக்கு எத்தனை வயது? வாசகர் கேள்வி பதில்

ஆண் இருவர் காதலிக்கும் கதைகளை எழுதுவோர் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. எல்லாமே வயதைச் சுற்றியவை.

எனக்கு 57 வயது. 23 வயதுப் பெடியன்கள் இருவர் காதலிப்பதாக ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறேன். கதை இந்தக் காலத்தில் நடக்கிறது. இந்த வயதில் நான் எழுதினால் எடுபடுமா?
உப்புவெளி வாசகர்

எடுபடும். மலையில் ஆடு மேய்க்கப்போன இரண்டு இளைஞர்களின் காதலை அமெரிக்க எழுத்தாளர் அன்னி ப்ரூ 1997 இல் வெளியிட்டபோது அவருக்கு 62. கதை தொடங்கும்போது அந்த மேய்ப்பர்களுக்கு 20 கூட நிரம்பவில்லை. ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபோர்ஸ்டர், ஆண் இருவரின் காதலைச் சொல்லும் 'மாரிஸ்' நாவலை 1913 இல், 34 வயதில் எழுதத் தொடங்கினார். அது அச்சில் வந்தது 1971 இல், அவர் 91 வயதில் இறந்ததற்கு மறு ஆண்டு. எழுதும் கைக்கு வயது தடையில்லை.

இடறுவது வேறிடத்தில். உங்களுக்கு 23 நடந்தது 1990 வாக்கில். இன்று 23 வயதுக்காரன் பிறந்தது 2000 கடந்து. உங்களையறியாமலே உங்கள் 23 ஐ அவன் தலையில் கட்டிவிடுவீர்கள்: அவன் கடிதம் எழுதுவான், தபால்காரனைப் பார்த்து நிற்பான், ரேடியோவில் பாட்டுக் கேட்பான். இன்றைய பெடியன் சண்டை பிடிப்பதோ வாட்சப்பில் நீலக் கோடு விழுந்தும் பதில் வராததற்கு.

ஒரு கொப்பித் தாளில் நான்கு நிரல் போடுங்கள்: ஆண்டு, இவன் வயது, அவன் வயது, அப்போது நம் திருமலையில் (இலங்கையின் திருகோணமலையில்) என்ன. 1990 சண்டையும் இடப்பெயர்வும், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2009 இல் போர் முடிவு, அதே ஆண்டு கிண்ணியாப் பாலத் திறப்பு, 2020 ஊரடங்கு, 2022 பெற்றோல் வரிசை என்று ஆறு வரி போதும். கதை 2024 இல் நடந்தால் 23 வயதுக்காரன் பிறந்தது 2001. சுனாமிக்கு அவனுக்கு 3 வயது. கடல் உள்ளே வந்தது அவனுக்கு நினைவில்லை, வீட்டில் கேட்ட கதை. அவன் கடற்கரையில் நின்று அதை நினைத்து நடுங்குவதாக எழுதினால் அந்தப் பக்கத்திலேயே பொய் தெரிந்துவிடும். பாலம் வருமுன் கிண்ணியாவுக்குப் பாதைப் படகில் போன ஞாபகமும் அவனுக்கு மங்கலாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு: கதையையே 1990 க்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். உங்களைவிட அந்த ஆண்டை நன்றாகத் தெரிந்தவர் யார்?

எனக்கு 19. என் கதாநாயகருக்கு 45. என்ன கவனிக்க வேண்டும்?
தம்பலகாமம்

முதலில் அவர் கையிலிருக்கும் ஊன்றுகோலைப் பிடுங்கி எறியுங்கள். இளையோர் எழுதும் 45 வயதுக்காரர் பெரும்பாலும் 70 வயதுக்காரராகத்தான் வருகிறார். நரை, இருமல், தத்துவம். 45 இல் நடப்பது சின்ன விடயம்: மருந்துப் போத்தலின் எழுத்தைப் படிக்க அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறார், அவ்வளவுதான். பெரிய விடயங்கள் வீட்டில் இருக்கின்றன. அம்மாவின் பிறசர் குளிசை, "இன்னும் கட்டேல்லையோ" என்று கலியாண வீடுகளில் கேட்கும் சித்தி, தங்கச்சியின் பிள்ளைகளுக்குக் கட்டும் டியூசன் காசு. 2024 இல் 45 என்றால் சுனாமிக்கு 25, போர் முடிய 30. அவர் காதலிக்க வேண்டிய வயதெல்லாம் சோதனைச் சாவடிக்குள் போனது. அதை ஒரு வரி சொன்னால் போதும், ஒப்பாரி வேண்டாம்.

இந்த வயதுக் காதலர்களுக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஆன்ட்ரூ ஷான் கிரீர் தன் 47 வயதை ஒட்டி வெளியிட்ட நாவலின் நாயகன் 50 ஐ நெருங்குபவன். நகைச்சுவையாக எழுதிய அந்த நூலுக்குத்தான் 2018 இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஒருவனுக்கு 26, மற்றவருக்கு 38. முதலில் "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறான். காதல் வந்த பிறகும் அப்படிக் கூப்பிட்டால் ஒரு மாதிரி இருக்கிறது என்கிறாள் வாசித்த தோழி. கூப்பிடாமல் விட்டால் நம் ஊர்ப் பேச்சாக இல்லை.
மூதூர்

தோழி சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. ஓட்டோக்காரரையும் மீன்காரரையும் அண்ணா என்று கூப்பிடும் ஊரில் அந்தச் சொல்லில் இரத்த உறவு இல்லை. ஆனால் படுக்கையறை வரை அது வந்தால் உறவு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே அண்ணா எப்போது உதிர்கிறது என்பதையே கதையாக்குங்கள்.

நமக்கு வாய்த்த வசதி, முன்னிலைக்கு மூன்று படி: நீங்கள், நீர், நீ. முதலில் "அண்ணா, வாறீங்களோ?" பிறகு அண்ணா விழுந்து "வாறீங்களோ?" மட்டும் மிஞ்சும். இந்தக் கட்டத்தில் அவன் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இஞ்ச பாருங்கோ" என்று காற்றைக் கூப்பிடுகிறான். பழைய வீடுகளில் மனைவிமார் கணவரைக் கூப்பிட்டதும் இப்படித்தானே. அதன் பிறகு ஒருநாள் "வாறீரோ?" வாய் தவறி வந்தது போல வர வேண்டும். 20 அத்தியாயம் என்றால் ஏழாவதுக்கு முன் வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் சுவையே. அம்மா முன்னால் அவன் மறுபடி அண்ணாவுக்குத் திரும்பியாக வேண்டும்:

"அண்ணா, சாப்பிட்டீங்களோ?"

படலை தாண்டி ஒழுங்கைக்குள் வந்ததும்:

"உண்மையாச் சாப்பிட்டீரோ, இல்லையோ?"

ஒளிப்பும் நெருக்கமும் இரண்டு வரியில் வந்துவிட்டன. விளக்கம் எழுதிக் கெடுக்காதீர்கள். இந்திய வாசகருக்கு 'நீர்' முதலில் அந்நியமாகப்படும், இரண்டு அத்தியாயத்தில் பழகிவிடும். 26 வயதுக்காரன் 38 வயதுக்காரரை முதல் முத்தத்திலேயே "டா" போடுவது சென்னைப் படத்தில் சரி, மூதூரில் பொருந்தாது.

12 வயது இடைவெளி தன்னளவில் குறையில்லை. 38 வயதுக்காரர் மற்றவனின் முதலாளியா, வீட்டுச் சொந்தக்காரரா என்று பாருங்கள். நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் முகாமையாளரும் அங்கே மே முதல் செப்டெம்பர் வரை மட்டும் வேலைக்கு வருபவனும் காதலித்தால், அவன் "ஓம்" என்றது சம்பளத்துக்கா மனதுக்கா என்ற சந்தேகம் வாசகருக்கு வரும். இளையவனுக்குச் சொந்த வருமானமும், கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க ஒரு வீடும் கொடுங்கள். ஒருமுறையாவது அவன் "இல்லை" சொல்லி, அது செல்லுபடியாகட்டும்.

பள்ளிக்கூடக் காதல் எழுதலாமா? இருவருக்கும் 16.
திருமலை நகரம்

மனதை எழுதலாம்: தயக்கம், பயம், நண்பன் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பதற்றம். அது இளையோர் கதை. உடல் நெருக்கம் அதில் வரக்கூடாது, கதவுக்கு அப்பால் நடந்ததாகக் குறிப்புக்கூட வேண்டாம். பெரியவர்களுக்கான காதல் நாவலென்றால் இருவருக்கும் 18 நிரம்பியிருக்க வேண்டும். 16 ஐ அழித்து 18 என்று போட்டுவிட்டு வெள்ளைச் சீருடையையும் டியூசன் கொட்டிலையும் அப்படியே விடும் தந்திரம் எல்லாருக்கும் தெரியும்.

நம் நாட்டில் அதற்கு அழகான இடைவெளி ஒன்று இருக்கிறது. ஏ.எல். என்னும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்கும்வரை பெடியன்கள் சும்மா இருக்கும் காலம். 19, 20 வயது, கையில் நேரம், பையில் காசில்லை, வீட்டில் ஏச்சு. இதைவிடக் காதலுக்குத் தோதான பருவம் எங்கே கிடைக்கும்? கணக்கையும் கவனியுங்கள்: இந்தியக் கதைகளைப் பார்த்து 21 வயதில் பட்டம் வாங்க வைக்கிறார்கள். இங்கே 21 இல் முதலாம் வருடத்தில் இருப்பவர்களே பலர்.

பின்னட்டையில் என் வயதையும் ஊரையும் போடலாமா?
பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

போட வேண்டாம். பிரித்தானியர் விட்டுப்போன தண்டனைச் சட்டக்கோவையில் ஒரே பாலார் உடலுறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு நீக்கப்படவில்லை. அதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது, அதோடு நிற்கிறது. அந்தப் பிரிவு செயலைப் பற்றியது, கதையைப் பற்றியதல்ல. எழுத்துக்கென்று ஆபாச வெளியீடுகள் பற்றிய 1927 ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆனால் உங்கள் கவலை பொலிஸ் அல்ல, பெரியப்பா என்று நினைக்கிறோம். வயது, ஊர், தொழில் மூன்றும் சேர்ந்தால் திருமலையில் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். புனைபெயரின் பின்னால் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சேர்ப்பதையும் விடுங்கள்.

புனைபெயர் வைத்தவர்கள் மறந்துவிடுவது கணினிக் கோப்பு. வேர்டில் தட்டச்சு செய்தால் கணினியில் பதிந்த உங்கள் உண்மைப் பெயர் கோப்புக்குள்ளேயே போகும். அனுப்ப முன் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'செக் ஃபோர் இஷ்யூஸ்', 'இன்ஸ்பெக்ட் டொக்கியூமென்ட்' என்று போய், 'இன்ஸ்பெக்ட்' அழுத்தி, 'டொக்கியூமென்ட் ப்ரொப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்ஃபர்மேஷன்' வரிக்கு நேரே 'ரிமூவ் ஓல்' அழுத்திச் சேமியுங்கள். நீங்கள் அனுப்பிய கேள்விக் கோப்பிலும் பெயர் இருந்தது. அழித்துவிட்டோம்.